ராகிக் கொல்லையில் ஒரு பாடம்



ஓசூர் என்றதும் உங்கள் உள்ளத்தில் முதலில் எழும் காட்சி எது? லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் தொழிற்சாலைகள். இரவுப் பணிக்கு விரையும் கம்பெனிப் பேருந்துகள். அருகிலேயே கர்நாடக எல்லை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற நவம்பர் மாதம் மூன்று நாள்கள் அங்கே தங்கித் திரும்பிய பிறகு, ஓசூர் என்றால் என் கண்முன் வருவது ஓர் ஈரக் கொல்லையில் பதிந்திருந்த வட்டமான காலடித் தடமே. அதை உங்களுக்கும் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அவருடைய மூத்த மகள் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "மச்சான், இவள் மேற்கொண்டு வனவிலங்குப் படிப்புதான் படிப்பேன் என்று பிடிவாதம் செய்கிறாள். காட்டில் அலைகிற படிப்பு நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு? நீங்கள் மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஒருமுறை வந்து போங்கள்" என்று தொலைபேசியில் கூறினார். ஆகவே நான் புறப்பட்டது சுற்றுலாவுக்கு அன்று. ஒரு பிள்ளையின் எண்ணத்தை மாற்றுவதற்கு. இதை முதலிலேயே உங்களிடம் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சேலத்திலிருந்து பேருந்து ஏறினால் தருமபுரியைக் கடந்து கிருஷ்ணகிரி வருகிறது. ஊரின் தலைமாட்டில் சையத் பாஷா மலை நிமிர்ந்து நிற்கிறது. நான் பி.ஏ. வரலாறு படித்தவன், அந்த மலையைக் கண்டதும் பழைய பாடங்கள் நினைவுக்கு வந்தன. 1791-இல் ஆங்கிலப் படை தாக்கியும் இந்த மலைக்கோட்டையைக் கைப்பற்ற இயலவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமஹால் பகுதியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. போர் பிடித்துத் தராததைக் காகிதம் பிடித்துத் தந்தது. எல்லைகள் இவ்வாறுதான் வரையப்படுகின்றன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் அமைக்கப்பட்டபோதும் வரைபடத்தில் ஒரு கோடு புதிதாக விழுந்தது.

சூளகிரியைத் தாண்டினால் காற்று குளிர்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. பேரண்டபள்ளி அருகே சாலையின் இருமருங்கும் காடு தென்பட்டது. "இந்த இடத்தில் யானைகள் சாலையைக் கடக்கும், பாய்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். நிமிடத்திற்கு எத்தனை லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை அது! நான் அவர் விளையாட்டுக்குச் சொல்வதாகவே நினைத்தேன்.

அன்றிரவு உணவுக்குப் பின் மருமகளை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டேன். "பி.எட். படித்தால் ஆசிரியை ஆகலாமே, அம்மா" என்று தொடங்கினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "மாமு, நாளை ஞாயிற்றுக்கிழமை. அத்தாவுடன் வேலை பார்ப்பவரின் ஊர் சானமாவு பக்கம் இருக்கிறது. அங்கே யானைகள் வந்திருக்கின்றனவாம். ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்" என்றாள். நியாயமான கோரிக்கை, மறுக்க முடியவில்லை.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நால்வரும் கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வனத்துறையினர் யானைகளைக் காப்புக்காட்டுக்குள் விரட்டிவிட்டுச் சென்றிருந்தார்கள். கொல்லையில் எஞ்சியிருந்தது சேதம் மட்டுமே. கதிர் முற்றி அறுவடைக்குக் காத்திருந்த ராகிப் பயிர், பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. மூலையில் கம்புகளால் கட்டிய பரண். அதன்மேல் ஒரு கம்பளி, ஒரு தகர டப்பா, ஒரு டார்ச் விளக்கு. எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இரவெல்லாம் அதில் விழித்திருந்து, கண் சிவந்து எங்களை வரவேற்றார். நான்கு மாத உழைப்பு ஓரிரவில் போய்விட்டது. அந்த நிலையிலும் எங்களுக்குத் தேநீர் கொடுக்க மறக்கவில்லை அவர்.

அப்போது மருமகள் தன் பையிலிருந்து தையலுக்குப் பயன்படும் அளவு நாடாவை எடுத்தாள். என் தங்கையின் தையல் பெட்டியிலிருந்து கொண்டுவந்ததாம்! ஈர மண்ணில் பதிந்திருந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்தாள். ஐம்பது அங்குலம். "இதை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும், மாமு. எட்டடிக்கு மேல்" என்றாள். சற்றுத் தள்ளி இன்னொரு தடம், நாற்பத்து மூன்று அங்குலம். "இது வயதில் இளையது. பெரியதன் பின்னாலேயே வந்திருக்கிறது." பிறகு சாணத்தைக் குச்சியால் கிளறிச் செரிக்காத ராகி மணிகளைக் காட்டினாள். பள்ளியில் மெழுகுத் தட்டில் குத்திவைத்த தவளையைக் கண்டு முகம் சுளித்ததோடு என் விலங்கியல் கல்வி முடிந்துபோயிற்று. ஒரு காலடித் தடத்தை ஏட்டைப் போல் வாசிக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இந்த யானைகள் எங்கிருந்து வருகின்றன? பெங்களூருவின் தெற்கு விளிம்பில் உள்ள பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை வருகின்றன. ராகி முற்றும் காலமே அவை வரும் காலம். தமிழக அரசு 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தையும் 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தையும் இப்பகுதிக் காடுகளில் அறிவித்தது. ஆயினும் சரணாலயத்தின் கோடும் மாநிலத்தின் கோடும் யானைக்குத் தெரியுமா? வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் வேண்டும். காட்டுப் புல்லைவிட ராகிக் கதிரில் சத்து மிகுதி. அது எந்தப் பக்கம் நடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இவற்றை ஆராய்ந்து சொன்னவர்கள் நம் தென்னாட்டு ஆய்வாளர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார், 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் தம் முனைவர் பட்ட ஆய்வை நடத்தினார். குட்டிகளோடு வரும் பெண் யானைக் கூட்டங்களைவிட ஆண் யானைகளே பல மடங்கு அதிகமாகப் பயிரில் இறங்குகின்றன என்று அவர் கண்டறிந்தார். பின்னர் நிஷாந்த் சீனிவாசையாவும் அவருடன் பணிபுரிந்தோரும் 248 ஆண் யானைகளைப் புகைப்படங்களால் தனித்தனியே அடையாளம் கண்டு, 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காட்டுக்குள் தனித்தோ பெண் யானைக் கூட்டத்தோடோ திரியும் இளம் ஆண் யானைகள், விளைநிலப் பகுதிகளில் மட்டும் பெரிய ஆண் கூட்டங்களாகச் சேர்ந்து நிலைத்திருக்கின்றன என்பது அதன் முடிவு. ஆபத்து மிகுந்த இடத்தில் கூடி வாழக் கற்றுக்கொண்டன போலும்! அந்த ஐம்பது அங்குலத் தடத்தின் பின்னே நாற்பத்து மூன்று அங்குலத் தடம் ஏன் வந்தது என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

இது அறிந்து மகிழ்வதற்கான செய்தி மட்டும் அன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, சட்டத்திற்குப் புறம்பாக அமைத்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. மறுபுறம், யானை மிதித்து மாண்ட மனிதர்களின் வீடுகளும் இந்தச் சீமையில் உண்டு. உழவனையும் பழிக்க முடியாது. யானையையும் பழிக்க முடியாது. இரு தரப்புக்கும் நடுவே நின்று, எந்த வேலி பயன்தரும், எந்த வழியை மூடக்கூடாது, எந்த மாதத்தில் எங்கே காவல் வேண்டும் என்று ஆராய்ந்து சொல்ல ஒருவர் தேவை. அவரைத் தயாரிக்கும் கல்விக்குத்தான் சூழலியல் என்று பெயர்.

பெரியவரின் தாய்மொழி தெலுங்கு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்தே பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மருமகளோ ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தெருவில் கன்னடமும் தெலுங்கும், தோழியர் வீட்டில் உருதும், வீட்டில் தமிழுமாக வளர்ந்த நாக்கு. "தாத்தா" என்று அழைத்து, யானை எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, சென்ற ஆண்டு எந்த நாளில் வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். இறுதியில் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார்: "படித்தவர்கள் எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துப் போகிறார்கள், அம்மா. அடுத்து எப்போது வரும், எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டி என்னிடம் வந்து சொல்ல ஒருவர் உண்டா?"

அவள் பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்தாள். அந்தக் குனிந்த தலையைக் கண்டபோது, நான் சொல்ல வந்த புத்திமதி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இக்கல்விக்கு நுண்ணோக்கி மட்டும் போதாது. அந்த மண்ணின் மக்கள் மனம்விட்டுப் பேசும் மொழியும் வேண்டும். அது எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது.

திரும்பும் வழியில் கெலவரப்பள்ளி அணையைப் பார்த்தோம். தென்பெண்ணையில் கர்நாடகப் பகுதியிலிருந்து வரும் கழிவுநீரால் சில காலங்களில் இங்கே வெண்ணுரை மலைபோல் பொங்கும் என்று மச்சான் சொன்னார். "யானையை எண்ணுவது மட்டும் இந்தப் படிப்பு இல்லை, அத்தா. இந்த நுரை எந்த மீனைக் கொல்கிறது, எந்தக் கிணற்றில் இறங்குகிறது என்பதும் இதில்தான் வரும்" என்றாள் மகள். அவர் மறுமொழி கூறாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு மச்சானும் நானும் மாடியில் நெடுநேரம் பேசினோம். "இது நம் வழக்கத்தில் இல்லாத படிப்பு" என்றார். நான் சொன்னேன்: "மச்சான், மார்க்கக் கல்வி கற்றோர் அறிந்த 'ஹயாத்துல் ஹயவான்' நூலை எழுதிய இமாம் தமீரி, ஷாஃபிஈ ஃபிக்ஹு அறிஞர். 1405-இல் மறைந்தார். மார்க்கச் சட்டம் கற்பித்தவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகளில் உயிரினங்களைப் பற்றி எழுதினார். மாடும் தேனீயும் எறும்பும் சிலந்தியும் யானையும் பெயராக அமைந்த அத்தியாயங்களை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். வழக்கத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது?"

பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896-இல் பிறந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலியைப் பற்றியும் சொன்னேன். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் அரசு விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பினார். 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் நாடெங்கும் புகழ்பெற்றது. கோயம்புத்தூர் ஆனைகட்டியில் 1990-இல் அவர் பெயராலேயே ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஆர்வம் மட்டும் போதாது, பட்டமும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

"வேலை?" என்றார் மச்சான். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்துறையில் இடங்கள் குறைவு. உதவித்தொகையில் சில ஆண்டுகள் ஓட்ட வேண்டும். கல்லூரிப் பணியும் ஆய்வு நிறுவனப் பணியும் போட்டியில் வென்றால்தான் கிடைக்கும். "பாதுகாப்பு?" என்றார். காட்டுப் பணிக்கு எவரும் தனியே போவதில்லை, குழுவாகவே செல்கிறார்கள், பெண் ஆய்வாளர்கள் பலர் இன்று இத்துறையில் இருக்கிறார்கள். எங்கே தங்குவது, யாருடன் செல்வது என்று கேட்டறிவது தந்தையின் உரிமை. கேட்காமலே மறுப்பது நீதியாகாது என்றேன். அவர் "பார்ப்போம்" என்றார். அதற்குமேல் அன்று பேசவில்லை.

இத்தகைய விருப்பம் உள்ள பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் சில செய்திகள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னை நியூ கல்லூரியிலும் விலங்கியல் முதுகலை உண்டு. வனவிலங்கு உயிரியலையே முதுகலையாகப் படிக்க மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். பெங்களூரு ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்.

மூன்றாம் நாள் காலை ஊருக்குப் புறப்பட்டேன். மச்சான் பேருந்து நிலையம் வரை வந்தார். பேருந்து கிளம்பும் நேரத்தில் சன்னலருகே வந்து, "அந்த நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று அவளிடமே கேட்டு வைக்கிறேன், மச்சான்" என்றார். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கேட்கத் தொடங்கிவிட்டார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் பிள்ளை வழக்கத்தில் இல்லாத ஒரு கல்வியை விரும்பினால், மறுப்பதற்கு முன் அது என்ன கல்வி என்று ஒருநாள் உடன் சென்று பாருங்கள். புத்தி சொல்லப் போன நான் கற்றுக்கொண்டு திரும்பினேன். சானமாவுப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை நம் வீட்டிலிருந்து வருமானால், அதைவிட நற்காரியம் வேறென்ன? இன்ஷா அல்லாஹ், அவள் ஒருநாள் அந்தப் பரணின் கீழ் நின்று, "தாத்தா, இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள், அவை இந்தப் பக்கம் வரமாட்டா" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க அந்தப் பெரியவருக்கு அல்லாஹ் ஆயுளைத் தருவானாக.