பாதியில் எழுந்து போவதா?

வானொலியில் நேயர்களுக்குத் தினமும் தெம்பு சொல்வது என் வேலை. 2022-இல் அது எனக்கே தேவைப்பட்டது. முந்தைய ஆண்டுதான் சூப்பர் லீக்குக்குத் திரும்பிய கையோடு மூன்றாம் இடம் பிடித்த நம் பினாங்கு காற்பந்துக் குழு, இப்போது பட்டியலின் அடியில்.

"இனி அரங்கத்துக்கு வரலப்பா" என்றேன்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "ஃபைஸ் சுப்ரி கோல் ஞாபகம் இருக்காம்மா?"

இருக்காதா? 2016-இல் நம் நகர அரங்கத்தில் பகாங்குக்கு எதிராக அடித்த ஃப்ரீகிக். போகிற போக்கில் திசைமாறி வலைக்குள் புகுந்த பந்து. 2017 ஜனவரியில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதே கிடைத்தது.

"அதே வருஷம் சூப்பர் லீக்ல கடைசியா வந்து கீழ இறங்கினோம். அப்ப மட்டும் போகாம இருந்தோமா?"

மலேசியக் கிண்ணம் நமக்குக் கடைசியாகக் கிடைத்தது 1974-இல். அப்போது பள்ளி மாணவராக இருந்த அப்பா இன்னும் காத்திருக்கிறார்.

அந்த வாரமும் போனோம். முழங்கால் வலியோடு, என் கையைப் பிடித்தபடி படியேறினார். அந்தப் பருவம் கடைசி இடத்தில்தான் முடிந்தது. ஆனால் அன்று நான் புள்ளிக் கணக்குப் பார்க்கவில்லை. இன்னும் எத்தனை பருவம் அப்பா இந்தப் படிகளில் ஏறுவார் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.