கடமானுக்கு ஒரு பீடம்

சுவரிலிருந்து இறங்கிய ஒரு மான் தலைக்கு மைசூரில் இடம் தேடிய கதை

மைசூருக்கு வருபவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றேதான். அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், பட்டுப் புடவை, சந்தன சோப்பு, ஊர் திரும்பும்போது ஒரு பெட்டி மைசூர் பாகு. இந்த ஊரின் பெயரைக் கடல் கடந்த மாளிகைகளின் சுவர்வரை கொண்டுபோன இன்னொரு தொழிலை யாரும் கேட்பதில்லை. செத்த விலங்கைப் பாடம் செய்து உயிருள்ளதுபோல் நிறுத்தும் தொழில் அது.

யூஜின் வான் இங்கன் 1900-ஐ ஒட்டித் தொடங்கிய 'வான் இங்கன் அண்ட் வான் இங்கன்' தொழிற்கூடம் 1999 வரை இங்கே இயங்கியது. மகாராஜாக்கள், வைஸ்ராய்கள், காப்பித் தோட்டத் துரைமார்கள் என்று துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் வாடிக்கையாளர்கள். புலிகளும் சிறுத்தைகளுமாக மட்டும் 43,000-க்கு மேல் இங்கே பாடமாயின என்பது ஒரு மதிப்பீடு. இன்று அந்த எண்ணைப் படிக்கும்போது தொழில்திறன் மறந்துபோய் வயிற்றைப் பிசைகிறது. வாரிசுகளில் ஒருவரான ஜூபெர்ட் வான் இங்கன் நூறு வயதைக் கண்டு 2013-ல் காலமானார். பட்டறை போய்விட்டது. அங்கிருந்து வெளியேறிய தலைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

அந்த வீடுகள்தான் இப்போது இடிகின்றன. மைசூரின் பழைய மொஹல்லாக்களில் உயரமான கூரையும் இரண்டடிச் சுவரும் கொண்ட வீடுகளைத் தட்டிவிட்டு அடுக்ககம் கட்டுகிறார்கள். ஊஞ்சலை விற்கலாம், தூண்களை விற்கலாம். தாத்தா காலத்து மான் தலையை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இந்தக் கேள்வி ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. விடை கிடைத்த சமயத்தில் நான் மைசூரில் இருந்தேன்.

தலை பெரியது. கழுத்தும் தோளுமாக வெட்டிப் பாடம் செய்தது. கண்ணாடிக் கண்கள், சற்றே விறைத்த காதுகள், பக்கத்துக்கு மூன்று கிளைகளாகப் பிரியும் கொம்புகள். எல்லாவற்றையும் தாங்கும் கேடய வடிவத் தேக்குப் பலகை. வீட்டின் மூத்த அம்மாளுடைய தகப்பனார் 1938-ல் காக்கனகோட்டைக் காட்டில் சுட்டது. அம்மாளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் பிறந்தபோதே அது சுவரில் இருந்தது.

விற்கலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். முடியாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதுபோன்ற தலையை வைத்திருக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் தரும் உரிமைச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சட்டத்தில் வந்து 2003-ல் அமலான திருத்தம், சான்றிதழ் இருந்தாலும் விற்பனை கூடாது என்று கதவை அடைத்துவிட்டது. வாரிசுக்குப் போகலாம், அந்த வாரிசு 90 நாளுக்குள் தகவல் தர வேண்டும். வைத்திருக்க விருப்பமில்லையா? அதற்கும் 2022-ன் திருத்தம் வழி சொல்கிறது: முறைப்படி அறிவித்துவிட்டு அரசிடம் ஒப்படைக்கலாம், நஷ்ட ஈடு கிடையாது.

பேத்தி ஒப்படைத்துவிடலாம் என்றாள். வேட்டையின் பெருமையை வரவேற்பறையில் வைத்துக்கொள்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாளுக்கு மனம் வரவில்லை. அரசுக் கூடத்தில் மட்டும் பத்திரமா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிடித்த தீயில் பாடம் செய்த எத்தனையோ உயிரினங்கள் ஒரே இரவில் சாம்பலாயின. கடைசியில் சமரசம். தலை வீட்டில் இருக்கும். ஆனால் சுவரில் ஏறாது. அடுக்ககத்தின் நாலங்குலச் சுவர் அதைத் தாங்காது என்பது ஒரு காரணம். எட்டடி உயரத்திலிருந்து அது தன்னைக் குனிந்து பார்ப்பது இனி வேண்டாம் என்று பேத்தி சொன்னது இன்னொரு காரணம்.

பலகையின் பின்புறம் ஒட்டியிருந்த பழுப்புச் சீட்டில் ஆங்கிலத்தில் 'எல்க்' என்று எழுதியிருந்தது. மொழிபெயர்ப்பில் பிழைப்பவளுக்கு இந்த ஒரு சொல் போதும், அரை நாள் போக்க. அமெரிக்காவில் எல்க் என்றால் வாபிடி என்னும் பெரிய மான். வளர்ந்த ஆணுக்குப் பக்கத்துக்கு ஆறு கிளைகள் இருப்பது வழக்கம். ஐரோப்பாவில் அதே சொல் குறிப்பது மூஸ் என்கிற வேறொரு விலங்கை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் துப்பாக்கியோடு அலைந்த துரைமார்கள், ஊர் ஞாபகத்திலோ என்னவோ, நம் கடமானுக்கு எல்க் என்று பெயர் வைத்தார்கள். பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளிலும் அது ஏறிவிட்டது. ஊட்டியில் முருகன் கோயில் இருக்கும் எல்க் ஹில் எல்லோருக்கும் தெரியும். அந்த மலையில் எல்க் ஒருநாளும் மேய்ந்ததில்லை. வாபிடிக்கு இந்தியாவில் உள்ள நெருங்கிய சொந்தம் என்றால் காஷ்மீரின் தாச்சிகாம் காட்டு ஹங்குல் மான்தான். மைசூர்க் காடுகளில் திரிவது கடமான். கன்னடத்தில் கடவெ. நம் கடமாவும் கடவெயும் ஒரே வேரிலிருந்து வந்தவை. எண்பது வருடத்துக்கு மேலாக ஒரு விலங்கு வேறொன்றின் பெயரைச் சுமந்து சுவரில் தொங்கியிருக்கிறது.

பீடம் செய்ய வந்த தச்சர், ரோஸ்வுட்டில் இழைப்பு வேலை செய்யும் பரம்பரையைச் சேர்ந்தவர். யானையும் தென்னை மரமும் பதித்த மேஜைப் பலகைகளைத் தலைமுறையாகச் செய்பவர்கள். வந்ததும் அவர் தலையைத் தொடவில்லை. முகமூடியும் கையுறையும் கேட்டார். அவர் பயந்தது சரி. பழைய காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சோப்பைப் பூசுவது உலகெங்கும் வழக்கம். பல பத்தாண்டுகள் கழிந்தாலும் அந்த விஷம் தூசியோடு உதிரும். எனவே பழைய தலையைத் துடைப்பத்தால் தட்டக்கூடாது, குழந்தைகள் தடவக்கூடாது, சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது.

அடுத்த நிபந்தனையைப் பேத்தி போட்டாள். கேடயப் பலகையைக் கழற்றவோ அறுக்கவோ கூடாது. சான்றிதழோடு தலையை அடையாளம் காட்டும் குறியும் எண்ணும் அதில்தான் இருந்தன. ஆகவே பலகை அப்படியே நிற்க, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு கம்பம். கம்பத்துக்கு அடியில் பீடம். கேட்க எளிது. சிக்கல் மூக்கில் இருந்தது. பலகையிலிருந்து மூக்கு நுனிவரை இரண்டேகால் அடி. கழுத்தும் கொம்பும் முன்னால் இழுக்கின்றன. சுவர் இருந்தவரை அந்த இழுப்பை ஆணி வாங்கிக்கொண்டது. இனி தரைதான் வாங்க வேண்டும்.

தச்சர் கணக்குப் புத்தகம் எதையும் திறக்கவில்லை. இரண்டு பேரைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூக்கு நுனியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு தரையைத் தொட்ட இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி. பீடத்தின் முன்விளிம்பு அந்தப் புள்ளியைத் தாண்ட வேண்டும் என்றார். உண்மையில் அவ்வளவு தேவையில்லை. மொத்தப் பாரத்தின் மையம் பீடத்துக்குள் விழுந்தாலே நிற்கும். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"நிற்கும், மேடம். வீட்டுப் பிள்ளை ஒன்று கொம்பைப் பிடித்துத் தொங்கினாலும் நிற்கணுமே."

அப்படித்தான் பீடத்தின் அளவு முடிவானது. அகலம் இரண்டடி, நீளம் மூன்றடி, கம்பம் பின்பக்கத்தில். அடியில் இரண்டங்குலக் கருங்கல் பலகை. அதன் எடை மட்டும் ஏறக்குறைய 70 கிலோ. மேலே மரப் பெட்டி. மரம் வாங்க வேண்டியிருக்கவில்லை. இடித்த வீட்டின் தேக்கு நிலைகள் முற்றத்தில் கிடந்தன.

உயரத்தில்தான் எனக்குச் சுவாரஸ்யம் அதிகம். பெரிய ஆண் கடமான் தோள்வரை நாலரை அடிக்குக் குறையாது. காட்டில் நின்ற அதே உயரத்தில் தோள் வரட்டும் என்றாள் பேத்தி. தச்சர் கம்பத்தில் கோடு போட்டார். பலகையைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தோம். கண் ஐந்தரை அடியில் வந்து நின்றது, எதிரில் நிற்பவரின் கண்ணுக்கு நேராக. கொம்பு நுனியோ எட்டடியைத் தாண்டிவிட்டது. கூடத்து மின்விசிறியின் இறக்கைக்கும் கொம்புக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. ஆக இடம் மாறியது. விசிறியும் இல்லாத, நேர் வெயிலும் படாத வடக்கு மூலை. வெயில் பட்டால் ரோமம் வெளிறும், தோல் வெடிக்கும். ஈரம் தங்கினால் பூசணம், பூச்சி. பாடம் செய்த தலைக்கு வீட்டின் மிக மந்தமான மூலைதான் நல்ல மூலை.

பீடத்தின் மேல் என்ன வைப்பது என்பதில் இரண்டு நாள் போனது. தச்சருக்குச் சிங்கக் கால்களும் கொடி வேலைப்பாடும் ஆசை. ஒரு உறவினர் பிளாஸ்டர் பாறையும் செயற்கைப் புல்லும் வாங்கித் தருவதாகச் சொன்னார். காரஞ்சி ஏரிக்கரையில் 1995-ல் திறக்கப்பட்ட வட்டார இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போய்வந்தோம். அங்கே காடுகளைக் காட்சியாக அமைத்திருக்கிறார்கள். விலங்கை அதன் புல், மரம், நீரோடு சேர்த்துக் காட்டும் முறை, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கார்ல் எய்க்லி மில்வாக்கி அருங்காட்சியகத்தில் நீரெலிகளை வைத்துச் செய்த காட்சியால் புகழ் பெற்றது. அந்த முறையில் பாறையும் புல்லும் பார்ப்பவருக்குப் பாடம் சொல்லும். மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-ல் தொடங்கிய பாடம் செய்யும் மையத்தின் வேலையும் இந்தப் பாதையில்தான். அங்கே வருபவை வேட்டையில் விழுந்தவையல்ல, மிருகக்காட்சி சாலைகளிலும் காட்டிலும் தாமாக மாண்டவை.

வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்துமா? திரும்பி வரும்போது ஆட்டோவில் பேத்தி ஒன்று சொன்னாள். தோளோடு வெட்டிய விலங்கின் கீழே புல்லை வைத்தால் அது மேய்கிற மாதிரி ஆகிவிடும்; மேயவில்லையே. அவள் பேச்சில் இருந்த கறார் எனக்குப் பிடித்தது. பாறை வேண்டாம், புல் வேண்டாம் என்று முடிவாயிற்று. வெறும் தேக்கு, மெழுகு மெருகு. பழைய நிலையில் ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட அடைக்கவில்லை. பலகையின் மொட்டை முதுகை மறைக்க மட்டும் பின்னால் ஒரு தேக்குத் தகடு.

கடைசிச் சண்டை பெயர்ப் பலகைக்கு. பேத்தி விலங்கின் பெயர் மட்டும் போதும் என்றாள். அப்பாவின் பெயர் இல்லாமல் எப்படி என்று அம்மாள் கண் கலங்கினார். வேட்டையாடியவர் என்று போட்டால் பெருமை பேசுவதாகும், பெயரே போடாவிட்டால் அந்த மான் தானாகச் செத்ததுபோல் ஆகிவிடும். இரண்டும் பொய். நெடுநேரம் பேசாமல் இருந்த அம்மாள்தான் முடித்துவைத்தார்.

"சுட்டாரு. சுட்டாருன்னே போடும்மா."

பித்தளைத் தகட்டில் கன்னடத்தில் நாலே வரிகள் பொறித்தார்கள். கடவெ. காக்கனகோட்டைக் காடு, 1938. சுட்டவர் இன்னார். சான்றிதழ் எண் இன்னது. எல்க் என்ற சீட்டையும் கிழிக்கவில்லை. பின்தகட்டுக்குள் அது பத்திரமாக இருக்கிறது.

இந்தியா முழுக்க இப்படி எத்தனை தலைகள் சுவரிலிருந்து இறங்கக் காத்திருக்கின்றனவோ. சமஸ்தான அரண்மனைகளில், கிளப்களில், எஸ்டேட் பங்களாக்களில், ஓய்வு பெற்ற அதிகாரிகளின் கூடங்களில். சிலவற்றை அரசிடம் ஒப்படைப்பார்கள். சிலவற்றைப் பூச்சி தின்றுவிடும். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்பவர்கள் சட்டத்தையும் விஷத்தையும் தூக்குக்குண்டையும் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத வேண்டிய நாலு வரியையும்.

புது வீட்டுக்குக் குடிபோன நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து மூலையில் நின்றன. தொடக்கூடாது என்று பேத்தி கயிறு கட்டியிருந்தாள். ஒரு பையன் கயிற்றுக்கு இப்பால் நிமிர்ந்து நின்று, தன் தலைமேல் கை வைத்து, அதன் தோள் உயரத்தோடு அளந்து பார்த்தான். கடமான் இவ்வளவு உயரமா என்று கேட்டான். சுவரில் இருந்த இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக அம்மாளுக்கு ஞாபகமில்லை.