பிரிந்த தையல்

இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் பங்குப் பணியாற்றும் குருக்களுக்கு வீடு சந்திப்பு எளிதான காரியமன்று. 1998இல் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், சிப்காட் வளாகத்தைச் சுற்றிலும் உதிரிப்பாக ஆலைகள் பெருகின. அவற்றோடு வாடகை வீடுகளும் பெருகின. காலையில் கதவைத் தட்டினால் குடும்பத் தலைவர் இரவுப் பணி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். மாலையில் சென்றாலோ கம்பெனிப் பேருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். ஆதலால் ஒருவர் நோயுற்ற செய்தி பல வேளைகளில் நமக்குப் பிந்தியே எட்டும். இங்கு நாம் எழுதப் புகும் நிகழ்ச்சியில் செய்தி உரிய நேரத்தில் எட்டிற்று. குறை நம்மிடமே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தின் மூன்றாம் வாரம். நமது பங்கைச் சேர்ந்த ஒருவர், வயது நாற்பத்தாறு, கிடங்கு ஒன்றில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, தாங்கொணா வயிற்று வலியால் நள்ளிரவில் அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். இரைப்பைப் புண் துளைத்துவிட்டது என்றனர். வயிற்றின் நடுவே நெடுக்காகக் கீறி, துளையை அடைத்துத் தைத்தனர். நாம் சென்று நோயில்பூசுதல் அளித்து வந்தோம். தேறி, எட்டாம் நாள் வீடு திரும்பினார். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்கு மக்கள் கூடியிருந்த நேரத்தில் அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

“சாமி, கட்டு நனைஞ்சு போச்சு. சீழும் இல்ல, ரத்தமும் இல்ல. கறி கழுவுன தண்ணி மாதிரி ரோஸ் கலர்ல வடியுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?”

“கெட்ட நீர் வெளியேறுவது நல்லதுதானம்மா. விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறிவிட்டு நாம் பீடத்திற்குச் சென்றோம்.

விடியுமுன் அவருக்கு இருமல் வந்தது. இருபது ஆண்டுப் பீடிப் பழக்கத்தின் இருமல். இருமிய வேகத்தில் உள்ளே ஏதோ ‘பட்’டென விட்டது போல் உணர்ந்தாராம். மனைவி விளக்கைப் போட்டுப் பார்த்தபோது தையல் பிரிந்து, குடலின் ஒரு வளைவு வெளியே கிடந்தது.

இறைவன் அருளால் அடுத்த தெருவில் செவிலியராகப் பயிற்சி பெற்ற கன்னியர் ஒருவர் இருந்தார். அவர் செய்தவற்றை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். குடலை உள்ளே தள்ள அவர் முயலவில்லை. பிறரையும் தொட விடவில்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் இறுக்கம் தளரும்படி முழங்கால்களை மடித்து வைத்தார். தூய துணியைச் சலைன் நீரில் நனைத்துக் குடலின் மேல் விரித்தார். குடல் காய்ந்தால் கெட்டுவிடும் என்பது காரணம். தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை, மீண்டும் மயக்க மருந்து தரவேண்டி வரும் என்பதனால். அதற்குள் 108 ஊர்தி வந்துவிட்டது.

பிற்பகலில் நாம் மருத்துவமனையை அடைந்தபோது இரண்டாம் அறுவை முடிந்திருந்தது. முந்தின மாலையின் தொலைபேசி உரையாடலை அறுவை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தோம். அவரோ ஒரு தாளை எடுத்து வயிற்றுச் சுவரைப் படமாக வரைந்து காட்டினார்.

வெளியே நாம் காணும் தோல் தையலுக்கு வலிமை அதிகமில்லை. அதன் அடியில் வெண்ணிறமான, கெட்டியான நார்ப்படலம் ஒன்று உண்டு. வயிற்றைத் தாங்குவது அதுவே. அந்தப் படலத்தின் தையல் விட்டுப்போயும் மேல்தோல் ஓரிரு நாள் ஒட்டியே நிற்கலாம். அப்போது வயிற்றினுள் இருக்கும் நீர் சிறிது குருதி கலந்து இளஞ்சிவப்பாகக் கசியும். பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இது நிகழும். அந்த நிறத்தைக் கண்டவுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குடல் வெளிவரும்வரை காத்திருத்தல் ஆகாது. குருமடத்தில் நாம் ஆண்டுக்கணக்கில் மெய்யியலும் இறையியலும் பயின்றோம். இதை எவரும் கற்பிக்கவில்லை. அப்பெண்மணியோ ஏட்டுக் கல்வியின்றியே நிறத்தைச் சரியாகச் சொன்னார், கேள்வியையும் சரியாகக் கேட்டார்.

பெரிய வயிற்று அறுவைகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இவ்வாறு தையல் பிரிவதுண்டு என்பர். தைப்பவரின் கைத்திறனும் இதில் உண்டு. இங்கிலாந்தின் ஜெங்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர் 1976இல் ஒரு கணக்கைக் காட்டினார்: வயிறு உப்பும்போது காயமும் நீளும், எனவே காயத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலாவது செலவிட்டுத் தைத்தால்தான் நூல் சதையை அறுக்காது. 2015இல் வெளியான நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று, நெருக்கமாகச் சிறு சிறு தையலிட்டவர்களுள் ஓராண்டில் 13 விழுக்காட்டினருக்கே தழும்பில் குடலிறக்கம் வந்ததென்றும், பழைய அகலத் தையலில் 21 விழுக்காட்டினருக்கு வந்ததென்றும் கண்டது.

எனினும் நூல் சில வாரம் பிடித்துத்தான் வைத்திருக்கும், ஒட்டவேண்டியது உடல். மூன்று வாரத்தில் காயம் பெறுவது பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. மூன்று மாதத்தில் எண்பது விழுக்காட்டை எட்டும். முழு வலிமை ஒருபோதும் திரும்புவதில்லை. நம் நண்பருக்கோ உடல் ஒட்டாமைக்குக் காரணங்கள் பல இருந்தன. ஒன்று, பீடி. மற்றொன்று, அவரே அறியாதிருந்த சர்க்கரை நோய். மூன்றாவதைக் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம்.

வீட்டில் பத்தியம் வைத்திருந்தனர். முட்டை கூடாது, மீன் கூடாது, புண் சீழ்பிடிக்கும் என்று உறவினர் கூறியதால் கஞ்சியும் ரசமுமே உணவு. தவக்காலமாதலால் உயிர்ப்புப் பெருவிழாவரை கவிச்சி தொடுவதில்லை என்று அவரும் உறுதியாயிருந்தார். நோயுற்றோரை ஒருசந்தி, சுத்தபோசனக் கடமைகள் கட்டுப்படுத்தா. இதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கொல்லாஜன் என்னும் நார்ப்பொருளை உடல் நெய்வதற்கு வைட்டமின் ‘சி’ வேண்டும். இரண்டுமே கஞ்சியில் இல்லை என்று சொல்லத்தக்க அளவே.

1740இல் ஆன்சன் என்னும் ஆங்கிலேயத் தளபதி கப்பற்படையுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். காய்கனி இன்றி மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மாண்டனர். அவர்களுள் ஒருவர் 1690இல் அயர்லாந்தின் பாயின் போரில் காயமுற்றவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆறிய புண்கள் அந்நோயில் ஒருபோதும் ஆறாதவை போல் மீண்டும் திறந்துகொண்டன என்று அப்பயண நூல் கூறுகிறது. தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று. உடல் அதனை நாள்தோறும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நெல்லிக்கனியின் அருமை இங்கே விளங்கும்.

இரண்டாம் அறுவையில் வயிற்றை மூட இயலவில்லை. குடல் வீங்கியிருந்தது, காயத்தின் ஓரங்கள் அழுகியிருந்தன. அழுகிய சதையை வெட்டி நீக்கி, கிருமி நீக்கிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதையே தற்காலிகத் தோலாகத் தைத்துவிட்டனர். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1984இல் பொராயஸ் என்னும் இளம் மருத்துவர் கையாண்டு பரவிய முறை இது. கண்ணாடிபோன்ற அந்தப் பையின் ஊடே குடல் அசைவது தெரியும். மனைவி ஒருமுறை பார்த்துவிட்டு வராந்தாவில் அமர்ந்துவிட்டார். “ஏன் சாமி தைக்காம விட்டுட்டாங்க? இனி பிழைக்க மாட்டாருன்னா?” என்றார். நமக்கும் அதே அச்சமே. இம்முறை விடை சொல்ல நாம் துணியவில்லை. மருத்துவரையே அழைத்து வந்தோம்.

கிருமி உள்ள புண்ணை மேலே மூடினால் சீழ் உள்ளே சிறைப்பட்டு மீண்டும் உடைத்துக்கொண்டு வரும் என்று அவர் விளக்கினார். ஆறாம் நாள் வீக்கம் வடிந்ததும் நார்ப்படலத்தை மட்டும் இழுத்துச் சேர்த்தனர். தோலைத் திறந்தே விட்டனர். அந்தப் பள்ளத்தில் நுரைப்பஞ்சை வைத்து, மேலே ஒளிபுகும் தாளை ஒட்டி, குழாய் வழியாக இடைவிடாமல் உறிஞ்சினர். அமெரிக்காவில் ஆர்ஜெண்டா, மோரிக்வாஸ் என்னும் இருவர் 1997இல் எழுதி வெளியிட்ட முறை. உறிஞ்சு விசை பாதரச அளவில் 125 மில்லிமீட்டர். கழிவு நீர் வெளியேறுகிறது, ஓரங்கள் நெருங்குகின்றன, அடியிலிருந்து செந்நிறச் சதை துளிர்க்கிறது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பஞ்சை மாற்றும்போது அவர் பற்களைக் கடித்துக்கொள்வார். உயிர்ப்பு ஞாயிறன்று நற்கருணை கொண்டுசென்ற நாம் அதனை நேரில் கண்டோம். அன்று அவர் தட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன.

புண் முழுதும் மூட ஏழு வாரங்கள் ஆயின. அவருடைய பெருங்கவலை கூலி. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உண்டு. ஆனால் அரையாண்டில் 78 நாளாவது சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறிய இடைவெளியில் சந்தா விடுபட்டதால் அந்தக் கணக்கைச் சரிசெய்யவே பல நாள் அலைந்தோம். அதற்குள் அறுபதாம் நாளே கிடங்குக்குத் திரும்பப் போவதாக அவர் பிடிவாதம் செய்தார். வாடகை பாக்கி நின்றவரிடம் ஓய்வைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது அன்று நமக்கு விளங்கிற்று. வின்சென்ட் தே பவுல் சபையினர் வாடகையை ஏற்றபின்னரே இணங்கினார்.

ஓராண்டு கழித்துத் தழும்பின் மேல் பகுதியில் ஓர் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் தோன்றியது. தோல் ஒட்டியிருக்கப் படலம் விலகும் இது, மெதுவாகப் பிரியும் தையலே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கும் பழைய அறுவைத் தழும்பில் இத்தகைய குடலிறக்கம் ஏற்பட, 2023 ஜூன் 7 அன்று உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் மூன்று மணிநேரம் அறுவை செய்து வலை வைத்துத் தைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 86. இதைச் சொன்னபோது நம் நண்பர், “போப்பாண்டவருக்கே வந்துச்சா?” என்று வியந்து சிரித்தார். சிரிக்கும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை.

அவருக்கும் வலை வைத்துத் தைக்க நாள் குறித்துள்ளனர். பீடியை விட்டுவிட்டார். கிடங்கு வேலையையும் விட்டு, ஓர் அலுவலக வாயிலில் காவலராக இருக்கிறார். சென்ற வாரம் திருப்பலி முடிந்ததும் மனைவியுடன் வந்து, திருநாள் சப்பரத்திற்கு ஒரு மூலையில் தோள்கொடுக்கலாமா என்று கேட்டார். மருத்துவரிடம் கேட்டு வாருங்கள் என்றோம்.