தூக்கக்கூடிய பாரம்

"மிஸ், இவளை ஒருக்காப் பேராதனைக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வருவீங்களா? தனியப் போகமாட்டாளாம்."

செங்கலடிக்கு அருகிலுள்ள கிராமமொன்றில், மாதர் சங்கச் சேமிப்புப் பணத்தைக் கட்ட வந்த தாயொருவர் கேட்டார். கச்சான் வறுத்து விற்று மகளைப் படிப்பிக்கிறவர். மகள் முதலாம் வருட மாணவி. விடுமுறை முடிந்து ஐந்து நாளாகியும் வீட்டிலேயே நின்றாள். நானும் அங்கே சமூகவியல் படித்தவள் என்பதால் சம்மதித்தேன்.

முதல்நாள் மாலை அவர்களது வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் பெரிய பயணப்பை ஒன்று, உரப்பை ஒன்று, சொப்பிங் பைகள் நான்கு. அரிசிமா, மிளகாய்த்தூள், கருவாடு, சம்பல், போதாக்குறைக்கு ஐந்து தேங்காய். எங்கள் தாய்மார் அன்பை இப்படித்தான் கட்டி அனுப்புவார்கள்.

தாய் தேநீர் ஊற்றப் போன வேளையில் மகள் மெல்லச் சொன்னாள்.

"வரக்குள்ள மடியில ஒரு பை, காலுக்குள்ள ரெண்டு பை, அக்கா. பக்கத்தில இருந்த ஆள் கை வைச்சான். எழும்பி மாறி இருக்க ஏலாமப் போயிற்று. பைகளை விட்டிட்டு எங்க போற? அம்மாக்குச் சொன்னா படிப்பை நிப்பாட்டிருவா."

பயணத்துக்குச் சாமான் கட்டுவது சிறிய வேலை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்றுதான் விளங்கியது, கையில் பாரம் கூடினால் ஒரு பெண்ணுக்கு எழுந்து நிற்கும் சுதந்திரமே இல்லாமற் போகிறது என்று.

"அம்மாவுக்கு நீதான் சொல்லவேண்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். சொன்னாள். தாய் வெகுநேரம் பேசவில்லை. பின்னர் உரப்பையை அவிழ்த்துத் தேங்காய்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். "அவன் செய்த வேலைக்கு நீ ஏன் மனே படிப்பை விடோணும்?" என்றார்.

மூவருமாக மீண்டும் அடுக்கினோம். அவள் தானே தூக்கிக்கொண்டு பஸ் படியில் ஏறக்கூடிய ஒரு பை, தோளில் ஒரு சிறுபை, அவ்வளவுதான். அரிசியும் தேங்காயும் கண்டியிலும் வாங்கலாம். மிளகாய்த்தூளும் சம்பலும் மூடி இறுக்கிய போத்தல்களில் போயின. மார்கழி, தை மாதங்களில் பேராதனையில் காலைக் குளிர் எங்கள் ஊராருக்குப் புதிது. ஆகவே கம்பளிச்சட்டையும் போர்வையும் அவசியம். குடையும் வேண்டும். அடையாள அட்டை, மாணவர் அட்டை, பணம், தொலைபேசி, விடுதி அறைச் சாவி ஆகியவை சிறுபையில், உடலோடு இருக்க வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை வேறிடத்தில் வைப்பது நல்லது.

விடியற்காலையில் புறப்பட்டோம். பேராதனையில் தொடங்கிப் பதுளை ஊடாக வரும் ஏ-5 வீதி செங்கலடியில்தான் முடிகிறது. எங்கள் சந்தியும் அவளது பல்கலைக்கழகமும் ஒரே வீதியின் இரு முனைகள் என்றதும் முதன்முறையாகச் சிரித்தாள். எங்கள் பஸ் மகாஓயா, பதியத்தலாவை கடந்து மகியங்கனை வழியாகச் சென்றது. மதகுருமாருக்கான ஆசனத்துக்குப் பின்வரிசையில், யன்னலோரமாக அவளை இருத்தினேன்.

மகியங்கனையில் நான் வேண்டுமென்றே சற்றுத் தள்ளி அமர்ந்தேன். அவள் பக்கத்தில் ஒருவர் வந்து நெருக்கி உட்கார்ந்தார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அசையவில்லை. எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு குழந்தையோடிருந்த ஒரு சிங்களத் தாயின் அருகே போய் அமர்ந்தாள். அந்த மனிதர் எதுவும் செய்யாதவராகவும் இருக்கலாம். ஆயினும் மாறி அமர்வதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

பதினெட்டு வளைவில் தலைசுற்றாமல் இருக்க, காலையில் இரண்டு இடியப்பம் மட்டும் கொடுத்திருந்தோம். தேசிக்காயை முகர்ந்தபடி அவள் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே கண்டியில் இறங்கி, பஸ் மாறி, கலஹா சந்தியை அடைந்தோம்.

வழியில் அவளது தொலைபேசியில் இரண்டு இலக்கங்களைப் பதியச் செய்தேன்: பெண்களுக்கான உதவிச் சேவை 1938, பொலிஸ் அவசர சேவை 119. பஸ்ஸில் நடக்கும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். சத்தமிட்டு நடத்துனரிடம் சொல்வதும் சண்டித்தனமல்ல, உரிமை.

"அடுத்த முறை நான் தனிய வருவன் அக்கா" என்று சொல்லிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் வாங்கப் போகவில்லை.

தாய்மாரே, பிள்ளை விடுமுறைக்கு வந்ததும் சாப்பாட்டையும் பரீட்சையையும் கேட்கிறோம். "பயணம் எப்படி இருந்தது மகள்?" என்றும் கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் படிப்பு நிற்காது என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.