கோவிவன் என்னும் நாய்

பாட்டி ஊர் செங்கத்துக்குப் பக்கம். ஏரிக்கரையில் ஒரு பலகைக்கல், அதில் வில்லேந்திய ஓர் ஆள். ஊருக்கு அவர் வேடியப்பன். அந்தப் பெயர் வைத்த பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். "யாரு பாட்டி இவரு?" என்று கேட்டால், "சாமிடா, கும்புடு" என்பதோடு சரி.

சாமி ஆவதற்கு முன்னால் அவர் யார்? நாற்பது வயதுக்கு மேல்தான் இதைத் தேடிக் கிளம்பினேன். நூலகத்தில் 'செங்கம் நடுகற்கள்' கிடைத்தது. இரா. நாகசாமி பதிப்பித்து, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட நூல். முதலில் அலுப்புத்தான் தட்டியது. எல்லாம் ஒரே வார்ப்பு: இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன், தொறு மீட்டுப் பட்டான், கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் களத்தில் விழுந்தான்.

எடுத்தனூர்க் கல்லுக்கு வந்ததும் பக்கம் புரட்டவில்லை. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. பொற்றொக்கையாரின் சேவகன் கருந்தேவக்கத்தி, தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டான். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதற்குத் தனி வாசகம்: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. நாய்க்குப் பெயர் எழுதத் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைவித்தவன், மத்தவிலாசம் எழுதியவன் மகேந்திரன். இந்தக் கல்லில் அவனுக்கு நாட்காட்டி வேலைதான். சேதி முழுக்க ஒரு சேவகனையும் நாயையும் பற்றியது.

இன்னும் பின்னால் போனால் அந்த நாட்காட்டியும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-இல் கண்டெடுத்த கற்கள் கிறித்துவுக்கு முந்தியவை என்கிறார்கள். உருவமே கிடையாது, வெறும் தமிழி எழுத்து. கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் ஒன்று. ஆகோள், ஆநிரை கவர்தல். தொல்காப்பியத்தில் உள்ள அதே சொல். கவர்ந்தவனா, மீட்டவனா என்று கல் சொல்லவில்லை. மன்னன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. செத்தவன் பெயரும் சண்டை நடந்த ஊரும் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பூசாரி குடத்துத் தண்ணீரால் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். தொல்காப்பியம் நீர்ப்படை என்று சொல்வது நினைவுக்கு வந்தது. மஞ்சளைச் சுரண்டி எழுத்து இருக்கிறதா பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பேரு தெரிஞ்சி என்னா பண்ணப் போறீங்க? நாங்கதான் ஒரு பேரு வெச்சிக் கூப்டுனு இருக்கறமே" என்றவர், பால் சொம்பை என் கையில் கொடுத்தார்.