காலி வீதியில் ஒரு பகல்

கொழும்பிலிருந்து காலி வரையுள்ள வீதி சமதரையிற் கிடப்பது என்பது பேருந்தின் யன்னலோரத்தில் அமர்ந்து செல்வோர் கொண்ட முடிபாகும். துவிச்சக்கர வண்டியிற் செல்பவன் அதனை ஒப்புக்கொள்ளான். உள்நாட்டிலிருந்து இறங்கிவரும் சிறு குன்றுகள் கடலுக்குள் மூக்கை நீட்டும் இடங்கள் இக்கரையிற் பல. கல்கிசை அத்தகையதொன்று. பேருவளையில் கெச்சிமலைப் பள்ளிவாசல் அத்தகைய முனையொன்றின் மீதே நிற்கின்றது. காலியைத் தாண்டியதும் ருமஸ்ஸலக் குன்று துறைமுகத்தின் மறுகரையை அடைத்துக்கொண்டு எழுகின்றது.

கொச்சிக்கடையில் வாழும் அம்மனிதருக்கு வயது ஐம்பத்தாறு. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நகரம் துவிச்சக்கர வண்டியைத் தேடி ஓடியபோது, அவரும் பழைய வண்டியொன்றைத் திருத்தி எடுத்துக்கொண்டார். பெற்றோல் வந்தபின் பிறர் வண்டிகள் மூலைக்குப் போயின, அவருடையது போகவில்லை. வெள்ளவத்தையிலிருக்கும் தங்கையின் மகன் கனடாவுக்குப் புறப்பட இன்னும் பத்து நாட்களே இருந்தன. போகுமுன் காலி வரை ஒருமுறை மிதித்துவிட வேண்டுமென்று கேட்டவன் அவனே.

தங்கைக்கு அது சிறிதும் உடன்பாடன்று. 1983 யூலையில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தெற்கு நோக்கிய வீதி அவளுடைய மனத்தில் கல்கிசையோடு முடிந்துவிட்டது. "அண்ணா, பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டு போகாதையுங்கோ" என்றாள். அண்ணன் வாதாடவில்லை. மணிக்கொரு முறை தொலைபேசியில் அழைப்பதாக மட்டும் வாக்களித்தார்.

மாசி மாதத்து ஞாயிறு, அதிகாலை நாலரை மணி. 2019 ஏப்ரல் 21ஆம் நாட் குண்டுவெடிப்பிற் சிதைந்து மீண்டெழுந்த அந்தோனியார் கோவிலின் மூடிய வாயிலில் சற்று நின்றுவிட்டு இருவரும் புறப்பட்டனர். சைவர்களாயினும் கொச்சிக்கடையில் அது புதுமையன்று. வெள்ளவத்தையைக் கடக்கையில் பையன் தன் வீட்டு ஒழுங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நெடுந்தூரம் மிதிப்பதிற் சில ஒழுங்குகள் உண்டு. பசிக்குமுன் உண்ண வேண்டும். தாகத்துக்குமுன் பருக வேண்டும். காலையிற் காற்று தரையிலிருந்து வீசுமாதலால் பத்து மணிக்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுவது நன்று. பின்னர் கடற்காற்று வலப்புறத்திலிருந்து நெற்றியிற் சாய்ந்தடிக்கத் தொடங்கும். களுத்துறையில் இருவரும் பாணும் வாழைப்பழமும் உண்டனர், பெந்தோட்டையிற் செவ்விளநீர். அம்பலாங்கொடைக்கு அப்பால் பையனின் வண்டி சில்லில் ஆணி ஏறியது. ஒட்டுப்போட அரைமணி சென்றது.

பெரலியவில் இருவரும் தாமாகவே இறங்கினர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகையிரதத்தைப் புரட்டி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்ற இடம் அது. தண்டவாளம் இன்றும் கடலுக்கு அண்மையிலேதான் கிடக்கின்றது. அங்கே அவர்கள் அதிகம் பேசவில்லை.

காலியை அடைந்தபோது மணி மூன்றரை. நூற்றுப் பதினாறு கிலோமீற்றர் கடந்த கால்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பையனுக்கு ருமஸ்ஸல வேண்டியிருந்தது; அனுமன் சுமந்துவந்த மருந்துமலையின் துண்டொன்று விழுந்த இடமென்று இவ்வூர் சொல்லும் குன்று அது. ஏற்றம் நெடியதன்று; எனினும் நாளின் இறுதியில் வரும் ஏற்றத்துக்கு நீளம் வேறு. பையனின் வண்டியிற் பற்சில்லுகள் பல, மாமனுடையதில் ஒன்றே. பாதிவழியில் அவர் இறங்கிவிட்டார்.

"நீ ஏறு தம்பி, நான் உருட்டிக்கொண்டு வாறன்."

"இல்லை மாமா, நானும் உருட்டுறன்."

ஜப்பானியத் துறவிகள் எழுப்பிய வெண்தூபியினருகே வண்டிகளைச் சாய்த்தனர். கீழே துறைமுகம், அக்கரையிற் கோட்டை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்லைப்பற்றி மாமன் அப்பொழுதுதான் சொன்னார். மூன்று மொழி அதில்: சீனத்திற் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தேவேந்திரமுனையிற் கோயில்கொண்ட தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை கூறப்பட்டுள்ளது. 1911இல் காலி நகரிலே, மதகொன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இப்பொழுது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. பையன் அந்நூதனசாலைக்குப் பலமுறை சென்றவன். கல்லைக் கண்ட நினைவு அவனுக்கில்லை.

அவன் தாயை அழைத்துக் கல்லின் கதையைச் சொன்னான். மறுமுனையிற் சிறிதுநேரம் பேச்சில்லை.

"அங்க ஆக்கள் கனபேர் நிக்கினமோ?"

"நிக்கினம் அம்மா. சூரியன் விழுறதைப் பாக்க வந்தவை."

"மாமாவிட்டப் போனைக் குடு."

மாமன் வாங்கிக் காதில் வைத்தார். கோட்டை தெரிகின்றதா என்று அவள் கேட்டாள். தெரிகின்றது என்றார். எப்படி இருக்கின்றது என்று கேட்டாள். வெளிச்சவீட்டிலிருந்து தொடங்கி, மதில் வளைந்து செல்லும் வழியே, அவர் ஒவ்வொன்றாகச் சொல்லலானார்.