மூத்தாள் என்ன ஆனாள்?

சகோதரிகளே, ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பெரிய பங்களா. மாடியில் ஓர் அறை மட்டும் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக் கொண்டு, சிரிப்பென்றால் என்னவென்றே அறியாத ஒரு வேலைக்காரி நடமாடுகிறாள். அந்த வீட்டுக்குள் ஓர் ஏழைப் பெண் தயங்கித் தயங்கிக் காலடி எடுத்து வைக்கிறாள். இந்த மாதிரிப் படம் ஓடிக் கொண்டிருந்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நாம் எழுந்திருக்கிறோமா? நிச்சயமாக இல்லை!

பேயைப் பார்க்கிற ஆவல் என்று வீட்டுப் புருஷர்கள் கேலி செய்வார்கள். நம்பாதீர்கள். பேய் வெறும் சாக்கு. இந்தப் படங்களில் நம்மை நகரவிடாமல் உட்கார்த்தி வைப்பது ஒரே ஒரு கேள்விதான்: இந்த வீட்டில் முன்பு இருந்தவள் எங்கே? நம் பாஷையில் சொல்வதானால், மூத்தாள் என்ன ஆனாள்? இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

டாஃப்னி டு மோரியர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1938-ம் ஆண்டில் எழுதிய 'ரெபெக்கா'வை எடுத்துக் கொள்ளுங்கள். 1940-ல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். அந்த வருஷத்தின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. பணக்காரர் ஒருவருக்கு இளையாளாக வருகிறாள் கதாநாயகி. இறந்து போன மூத்தாளின் பெயர்தான் ரெபெக்கா. வேடிக்கையைப் பாருங்கள்: படத்தில் ஒரு தடவைகூட ரெபெக்காவின் முகத்தைக் காட்டுவதில்லை. ஆனால் அவள் பெயரின் முதல் எழுத்து வீடு முழுவதும் பொறித்துக் கிடக்கிறது. உயிரோடு இருக்கும் இளையாளுக்கோ, படம் முடிகிற வரையில் சொந்தப் பெயரே கிடையாது!

நாவலில் கணவன்தான் ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றவன். கொலைகாரன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்று அந்நாளில் ஹாலிவுட்டில் ஒரு தணிக்கை விதி இருந்தது. ஆகவே படத்தில் அவள் தானே விழுந்து அடிபட்டு இறந்ததாக மாற்றி விட்டார்கள். கதாநாயகன் கை சுத்தமாயிற்று. மூத்தாளின் சங்கதி இப்படித்தான், சொல்கிறவர்களின் சௌகரியத்துக்குத் தகுந்தபடி மாறிப் போகிறது.

இதே கதை 1964-ல் இந்தியில் 'கோஹ்ரா' என்று வந்தது. கோஹ்ரா என்றால் மூடுபனி. பீரேன் நாக் டைரக்ட் செய்தார். இளையாளாக நடித்த வஹீதா ரஹ்மான் பிறந்தது செங்கற்பட்டில். எங்கள் சுங்குவார்சத்திரமும் பழைய செங்கற்பட்டு ஜில்லாதான். ஆகவே அவரிடம் எங்களுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு! வீட்டை ஆட்டி வைக்கும் வேலைக்காரி வேஷம் லலிதா பவாருக்கு. அந்த அம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாலே சிலருக்கு மாமியார் ஞாபகம் வந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல.

சரி, மூத்தாள் சாகாமலே மறைந்திருந்தால்? அதுதான் ஷார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்'. 1847-ல் வந்த நாவல். அநாதைப் பெண் ஒரு பெரிய வீட்டுக்கு ஆசிரியையாகப் போகிறாள். எஜமானர் அவளைக் காதலிக்கிறார். மாதா கோயிலில் கல்யாணம் நடக்கப் போகிற சமயத்தில் உண்மை வெளிப்படுகிறது: சித்தம் கலங்கிய முதல் மனைவி அதே வீட்டு மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள்! இதைத் தழுவி 1952-ல் திலீப்குமாரும் மதுபாலாவும் நடித்த 'சங்தில்' வந்தது. தமிழில் இந்தக் கதையையும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கையும் கலந்து, சித்ராலயா கோபு எழுத, ஜி. எஸ். மணி 1969-ல் 'சாந்தி நிலைய'த்தைத் தந்தார். ஆசிரியை காஞ்சனா, எஜமானர் ஜெமினி கணேசன். வர்ண ஒளிப்பதிவுக்காக மார்க்கஸ் பார்ட்லிக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஒன்றை யோசித்தீர்களா? சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது 1949-ல். தேசம் முழுமைக்கும் 1955-ல். அதற்கு முன்னால் நம் ஊர் எஜமானர் எதற்காக மூத்தாளைப் பூட்டி வைக்க வேண்டும்? மேளம் கொட்டி, மூத்தாளையே ஆரத்தி சுற்றச் சொல்லி, இளையாள் கழுத்தில் தாலி கட்டியிருப்பாரே! ரகசியமும் இல்லை, கதையும் இல்லை.

மாடியறையில் அடைபட்டவள் ஜமைக்காவிலிருந்து வந்தவள். அவளுக்கும் ஒரு கதை இருக்காதா என்று, கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-ல் 'வைட் சர்காஸோ ஸீ' என்ற நாவலை எழுதினார். 1993-ல் அதுவும் படமாயிற்று. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு 119 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

அவ்வளவு காலம் காத்திராத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் ஊரைச் சுற்றி இப்போது தொழிற்சாலைகள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஒரு ஷிப்டை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றிச் செல்லும். எங்கள் வீட்டு மாடியிலும் நாலு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒரே ஒரு பையோடு சம்பளத்துக்கு வந்தவர்கள். ஜேன் அயரும் அப்படி வந்தவள்தானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்போனை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்து 'ரெபெக்கா' பார்த்தோம். வசனம் பாதி புரியாவிட்டாலும் கதை புரிந்தது. படம் முடிந்ததும் மூன்று பேர் கலகலவென்று பேசினார்கள். அரியலூர்ப் பெண் மட்டும் வாய் திறக்கவில்லை. ஊரில் அவளுக்கு வரன் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம். "மூத்த சம்சாரம் தவறிப் போச்சு" என்று தரகர் சொன்னதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ராத்திரியே தாயாரைப் போனில் கூப்பிட்டாள். "அந்த அக்கா எதனால செத்தாங்கன்னு கேட்டியா அம்மா?"

"அதெல்லாம் கேட்டா நல்லா இருக்காதுடி. வர்ற சம்பந்தம் தட்டிப் போயிடும்."

"போனாப் போவட்டும். கேட்டுட்டு அப்புறம் தேதி குறி."

தாயார் தரகரை நம்பாமல், மூத்தாளின் பிறந்த வீட்டுக்கே போய் விசாரித்தாள். மஞ்சள் காமாலை. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை தலைமாட்டிலேயே இருந்தாராம். அவளைப் பெற்றவளே அழுதுகொண்டு சொன்னாள். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையே இந்தப் பெண்ணிடம் பேசினார்.

"மூணு இடத்துல பார்த்தாங்க. ஒருத்தரும் அவளைப் பத்திக் கேட்கலை. நானா எப்படி எடுக்கிறதுன்னு இருந்துட்டேன். கூடத்துல அவ போட்டோ மாட்டியிருக்கு. கழட்டணுமா?"

"வேணாம், இருக்கட்டும். அவங்க பேர் என்ன?" என்றாளாம் இவள்.

எங்கள் வடக்குப் பக்கத்து ஜில்லாக்களில் பூவாடைக்காரி என்று ஒரு வழிபாடு உண்டு. சுமங்கலியாக இறந்து போன வீட்டுப் பெண்ணுக்குப் புடவையும் மஞ்சளும் பூவும் வைத்துப் படைத்த பிறகுதான் கல்யாண வேலையே தொடங்கும். போனவள் பெயரை மறைக்காமல், முதல் மரியாதை அவளுக்கே செய்கிறார்கள். 'ரெபெக்கா'விலும் 'ஜேன் அய'ரிலும் கடைசியில் அந்தப் பெரிய வீடு எரிந்து போகிறது. மூடி வைத்த வீடுகள்தான் அப்படி எரிகின்றன என்பது என் அபிப்பிராயம். ஒரு முழம் பூவோடு தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்!

சம்பளம் எவ்வளவு, நிலம் எத்தனை ஏக்கர் என்று கூச்சமில்லாமல் விசாரிக்கிற நாம், இதை மட்டும் விழுங்கி விடுகிறோம். இனிமேல் விழுங்க வேண்டாம். யோக்கியமான வீடு சாவியைத் தானே எடுத்து நீட்டும். நீட்டத் தயங்கினால், இத்தனை படம் பார்த்த நமக்குத் தெரியாதா, அந்த வீட்டுக்குப் பந்தக்கால் நடலாமா கூடாதா என்று?